கூகுள் கிளாஸ்ரூமில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிக் காப்பி கொடுப்பது எப்படி?

எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு ஒர்க்‌ஷீட் தயார்செய்து இணையத்தில் வீட்டுப்பாடம் கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூமில் போட்டிருந்தேன். மாலை ஏழு மணிக்கு ஒரு மாணவியின் அம்மாவிடமிருந்து போன். "மிஸ், பிள்ள ஒரு மணி நேரமா உக்காந்து எழுதினா. இப்போ பாத்தா ஒண்ணுமே இல்ல. வேற யாரோ எழுதினதுதான் இருக்கு. அழுதுக்கிட்டு இருக்கா" என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். 38 பிள்ளைகளும் ஒரே ஃபைலுக்குள் இருந்தார்கள். முதல் கேள்வியின் விடைக்கட்டத்தில் மூன்று பேர் எழுதியது ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு பத்தி முழுவதையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்தார்.

தவறு என்னுடையது. ஃபைலை இணைக்கும்போது அதன் பக்கத்தில் ஒரு சின்ன மெனு வரும். அதில் மூன்று வரிகள் இருக்கும். நான் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து யார் எழுதியது எது என்று பிரித்தெடுத்தேன். உங்களுக்கு அந்த ராத்திரி வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டன்களின் பெயர்களை ஆங்கிலத் திரையில் இருப்பதுபோலவே தமிழெழுத்தில் தந்திருக்கிறேன், தேடும்போது கண்ணில் படும்.

1. எந்தக் கணக்கில் வகுப்பு நடத்தப்போகிறீர்கள்?

இதை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் வகுப்பையே திரும்ப உருவாக்க வேண்டிவரும்.

உங்கள் சொந்த ஜிமெயிலிலேயே கிளாஸ்ரூம் வகுப்பு தொடங்கலாம். செலவு எதுவும் இல்லை. ஒரு வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் சேர்த்து 250 பேர் வரை இருக்கலாம். ஒரு பிரிவுக்கோ டியூஷனுக்கோ இது போதும். ஜிமெயில், டிரைவ் (கூகுளில் ஃபைல்களைச் சேமிக்கும் இடம்), போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இடம்தான் இலவசம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டைப் செய்த விடைத்தாள்கள் இடத்தை அடைக்காது. போட்டோக்கள் அடைக்கும். 40 பிள்ளைகள் ஆளுக்கு நான்கு போட்டோ, ஒவ்வொன்றும் 3 எம்பி என்று வைத்தால் ஒரே வீட்டுப்பாடத்துக்கு 480 எம்பி ஆகிறது. பிள்ளைகளை டைப் செய்யவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிக்கென்றே கணக்கு வேண்டுமென்றால் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன் ஃபண்டமென்டல்ஸ் என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் தருவார்கள். அதற்குத் தலைமையாசிரியர் அல்லது நிர்வாகம் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியின் பெயரில் ஒரு இணைய முகவரி தேவை, அதற்கு வருடக் கட்டணம் உண்டு. இந்தியாவில் எடு.இன் (edu.in) என்று முடியும் முகவரி வேண்டுமென்றால் எர்நெட் இந்தியா என்ற அரசு அமைப்பு வழியாகத்தான் வாங்க முடியும். அங்கீகாரச் சான்றிதழை ஸ்கேன் செய்து, பள்ளி லெட்டர்பேடில் ஒரு கோரிக்கைக் கடிதமும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த அன்றே கிடைத்துவிடாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆசிரியர் பள்ளிக் கணக்கில் வகுப்பைத் தொடங்கியிருப்பார், மாணவர்கள் வீட்டு ஜிமெயிலில் சேரப் பார்ப்பார்கள். பள்ளிக் கணக்குகளை நிர்வகிக்கும் அட்மின் அனுமதித்தால் ஒழிய அது நடக்காது. பள்ளிக் கணக்கு என்றால் எல்லாருக்கும் பள்ளிக் கணக்கு, ஜிமெயில் என்றால் எல்லாருக்கும் ஜிமெயில் என்று வைத்துக்கொண்டால் தொல்லையே இல்லை.

பிள்ளைகளின் வயதையும் பாருங்கள். இந்தியாவில் 13 வயது ஆகாத பிள்ளை தானாக கூகுள் கணக்கு தொடங்க முடியாது. பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்து ஃபேமிலி லிங்க் என்ற கூகுள் ஆப் வழியாகத்தான் தொடங்கித் தர வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்பு என்றால் பெற்றோர் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்கு தொடங்கச் சொல்லாதீர்கள்.

2. கணக்கில் இருக்கும் பெயரைச் சரிசெய்யச் சொல்லுங்கள்

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தனிக் காப்பி கொடுக்கும்போது இதுதான் பெரிய விஷயம். கிளாஸ்ரூம் ஒவ்வொரு காப்பிக்கும் தலைப்பில் மாணவரின் பெயரைத் தானாகவே சேர்த்துவிடும். அந்தப் பெயர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரிலிருந்து வருவதில்லை, கூகுள் கணக்கில் இருக்கும் பெயர்தான் வரும். போன் அப்பாவுடையது என்றால் அப்பாவின் பெயர் வரும். போன் வாங்கிய கடையில் உட்காரவைத்துத் தொடங்கிக்கொடுத்த கணக்கு என்றால் கடையின் பெயரே இருக்கும். எனக்கு முதல் முறை வந்த ஃபைல்களில் ஆறு ஃபைல் யாருடையது என்றே தெரியவில்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், டைப் செய்ததில் கையெழுத்து ஏது?

பிள்ளைக்கென்று தனிக் கணக்கு தொடங்குவதுதான் நல்லது. ஒரே போனில் இரண்டு மூன்று கணக்குகள் வைத்துக்கொள்ளலாம், புது சிம் தேவையில்லை. தனிக் கணக்கு முடியாத வீட்டில், கணக்கின் பர்சனல் இன்ஃபோ பகுதிக்குப் போய்ப் பெயரை மாற்றலாம். ஆனால் அப்பா அனுப்பும் மெயிலிலும் பிள்ளையின் பெயர்தான் போகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரட்டையர் இருவர் ஒரே வகுப்பில் படித்தால் கட்டாயம் இரண்டு கணக்கு வேண்டும்.

எப்படியிருந்தாலும் ஒர்க்‌ஷீட்டின் தலையில் "பெயர், வகுப்பு, ரோல் நம்பர்" என்று மூன்று வரி வைத்துவிடுங்கள்.

3. மூல ஃபைலைத் தயார்செய்வது

அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். எனக்கு ஒரு ஒர்க்‌ஷீட்டுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. அதில் பாதி, எழுத்துருவைச் சரிசெய்வதற்கே போகிறது.

நம் பள்ளிகளில் பழைய கேள்வித்தாள்கள் பெரும்பாலும் பாமினியிலோ வானவில்லிலோ அடித்தவை. உங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருப்பதால் அழகாகத் தெரியும். மாணவரின் போனில் அது இருக்காது. அங்கே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து ஒரு குவியலாகத் தெரியும். "மிஸ், கேள்வி இங்கிலீஷ்ல இருக்கு, ஆனா புரியல" என்று ஒரு பையன் குரல் செய்தி அனுப்பியபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கேள்வித்தாளில் ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட் (எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறை), பயப்பட வேண்டாம். குப்பையாக வந்தால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் நிறைய இருக்கின்றன, ஒட்டினால் மாற்றித் தந்துவிடும். மாற்றியபின் ஒரு தடவை கட்டாயம் படித்துப் பாருங்கள். தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் இருந்ததையும் சேர்த்து அது தமிழாக்கிவிடும். என் ஒர்க்‌ஷீட்டில் நீரின் மூலக்கூறு வாய்பாடு "ர்2ழு" என்று மாறிக் கிடந்தது. அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் வாய்பாடுகளைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மாற்றி முடித்தபின் திரும்ப டைப் செய்வதுதான் வழி.

அடுத்தது, வேர்டு ஃபைலை அப்படியே இணைக்காதீர்கள். காப்பி போகும், ஆனால் பிள்ளைகளின் போனில் அது திறக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து, ஃபைல் மெனுவில் "சேவ் அஸ் கூகுள் டாக்ஸ்" கொடுங்கள். இப்போது டிரைவில் இரண்டு ஃபைல் இருக்கும், ஒன்று வேர்டு, ஒன்று டாக்ஸ். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பின்னால் தவறானதை இணைத்துவிடுவோம். வேர்டு ஃபைலை உடனே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்கேன் செய்த கேள்வித்தாளும் வேண்டாம். அது படம்தான், அதன்மேல் டைப் செய்ய முடியாது. பிடிஎஃப் என்றால் மொபைல் ஆப்பில் விரலால் எழுதலாம், கோடு போட்டுப் பொருத்தும் கேள்விக்கு அது சரி. பத்தி எழுதும் கேள்விக்குச் சரிப்படாது.

பிள்ளைகள் போனில்தான் எழுதப்போகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே பக்கத்தை அமையுங்கள். மூன்று நெடுவரிசை உள்ள அட்டவணை வைத்தால் போனில் ஒவ்வொரு கட்டமும் விரல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். நான் இப்போது செய்வது இதுதான்: ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரே ஒரு கட்டம் உள்ள அட்டவணை வைத்து, அதற்கு வெளிர்மஞ்சள் நிறம் கொடுத்து, உள்ளே "இங்கே எழுதுக" என்று போட்டுவிடுகிறேன். எங்கே எழுதுவது என்று கேட்டு வரும் போன்கள் இதற்குப் பிறகு நின்றன. கோடு கோடாக அடிக்கோடு போட்டு விடைக்கு இடம் விடாதீர்கள். அச்சில் அது அழகு, போனில் எழுத ஆரம்பித்ததும் கோடுகள் எல்லாம் தள்ளிக்கொண்டே போய்ப் பக்கம் கலைந்துவிடும்.

படம் வரையும் கேள்வி இருந்தால், நோட்டில் வரைந்து போட்டோ எடுத்துத் தனியாக இணைக்கச் சொல்லுங்கள்.

சக ஆசிரியர் பகிர்ந்த ஃபைலா? அதை நேராக இணைக்காதீர்கள். ஃபைல் மெனுவில் "மேக் எ காப்பி" கொடுத்து உங்கள் டிரைவில் உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதை இணையுங்கள். அவர் பின்னால் தன் ஃபைலை அழித்தாலும் பகிர்வை நிறுத்தினாலும் உங்கள் வகுப்புக்குச் சிக்கல் வராது. சொந்த ஜிமெயில் டிரைவில் இருக்கும் ஃபைலைப் பள்ளிக் கணக்கு வகுப்பில் இணைக்கும்போதும் இதே கதைதான், முதலில் பள்ளிக் கணக்கின் டிரைவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

4. ஒரு சோதனை வகுப்பு

பத்து நிமிடம் ஆகும். "சோதனை" என்ற பெயரில் ஒரு வகுப்பு தொடங்கி, உங்களுடைய இன்னொரு ஜிமெயில் கணக்கை அதில் மாணவராகச் சேருங்கள். ஒரே கணக்கு ஒரே வகுப்பில் ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்க முடியாது, அதனால் இரண்டாவது கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷீட்டை முதலில் இந்த வகுப்பில் போட்டு, மாணவர் பார்ப்பதுபோல் போனில் திறந்து, இரண்டு விடை எழுதி, சமர்ப்பித்துப் பாருங்கள். எழுத்துரு, கட்டம், பெயர் எல்லாம் சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். நான் இன்றுவரை ஒரு ஒர்க்‌ஷீட்டைக்கூட இந்தச் சோதனை இல்லாமல் போடுவதில்லை.

5. இணைப்பதும் அந்த மூன்று வரி மெனுவும்

கம்ப்யூட்டரில் செய்யுங்கள். போனிலும் செய்யலாம், ஆனால் மெனு சிறியது, அவசரத்தில் கை தவறும்.

வகுப்பைத் திறந்து மேலே "கிளாஸ்ஒர்க்" பகுதிக்குப் போங்கள். "கிரியேட்" பட்டனை அழுத்தி "அசைன்மென்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "மெட்டீரியல்" என்று ஒன்றும் அங்கே இருக்கும், அது படிக்கக் கொடுப்பதற்கு. தனிக் காப்பி வேண்டுமென்றால் அசைன்மென்ட்தான். அறிவிப்பு போடும் "ஸ்ட்ரீம்" பக்கத்தில் ஃபைலை ஒட்டிவிட்டுக் காப்பி வரவில்லையே என்று தேடுபவர்களும் உண்டு, அங்கே வராது.

தலைப்பு எழுதுங்கள். இதே தலைப்பில் டிரைவில் ஃபோல்டர் உருவாகும் என்பதால், "வீட்டுப்பாடம்" என்று மட்டும் போடாமல் "8ஆ அறிவியல் 03 காற்று" என்பதுபோல் எண்ணோடு போடுங்கள். டிசம்பரில் தேடும்போது உதவும்.

டிரைவ் அடையாளத்தை அழுத்தி, நீங்கள் தயார்செய்த டாக்ஸ் ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் வந்து உட்கார்ந்ததும் அதன் வலப்பக்கத்தில் "ஸ்டூடன்ட்ஸ் கேன் வியூ ஃபைல்" என்று ஒரு மெனு தெரியும். அதைத் திறந்தால் மூன்று வரிகள்.

"ஸ்டூடன்ட்ஸ் கேன் வியூ ஃபைல்" என்றால் பிள்ளைகள் படிக்கலாம், எழுத முடியாது. நாம் எதுவும் செய்யாமல் விட்டால் இதுதான் இருக்கும்.

"ஸ்டூடன்ட்ஸ் கேன் எடிட் ஃபைல்" என்றால் ஒரே ஃபைலில் எல்லாரும் எழுதலாம். குழுவாகச் செய்யும் வேலைக்கு மட்டும் இது. "எடிட்" என்ற சொல்லைப் பார்த்ததும், பிள்ளைகள் எழுதத்தானே வேண்டும் என்று இதைத்தான் நான் அழுத்தினேன். நிறையப் பேர் இதைத்தான் அழுத்துவார்கள்.

"மேக் எ காப்பி ஃபார் ஈச் ஸ்டூடன்ட்" என்பதுதான் நமக்கு வேண்டியது. ஆளுக்கு ஒரு காப்பி, அவரவர் பெயரோடு. ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. நீங்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

இதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, அசைன்மென்ட்டை வெளியிடுவதற்கு முன்னால் மட்டும்தான். வெளியிட்டபின் "பார்க்க மட்டும்" என்பதிலிருந்து "தனிக் காப்பி" என்பதற்கு மாற்ற முடியாது. அதனால் "அசைன்" பட்டனில் கை வைப்பதற்கு முன், கண்ணை அந்த வரிக்கு ஒரு தடவை கொண்டுபோய் வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு ஃபைல் இணைத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனி மெனு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவோம்.

மூல ஃபைலில் எழுத்துப்பிழை இருந்தாலும் இப்போதே திருத்துங்கள். காப்பிகள் போனபின் மூல ஃபைலில் செய்யும் திருத்தம் பிள்ளைகளின் காப்பிக்குப் போகாது. அப்படி ஆகிவிட்டால், "3ஆம் கேள்வியில் இப்படித் திருத்திக்கொள்ளவும்" என்று வகுப்புக்கு ஒரு அறிவிப்பு போடுவதுதான் வழி.

6. யாருக்கு, எப்போது?

வலப்பக்கப் பட்டியில் "அசைன் டு" என்ற இடத்தில் எல்லா மாணவரும் என்று இருக்கும். அப்படியே விடுங்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு வேறு ஒர்க்‌ஷீட் கொடுக்க விரும்பினால், அதற்கென்று இன்னொரு அசைன்மென்ட் உருவாக்கி, இங்கே அந்தப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். யாருக்கு எது போனது என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் மனம் வாடாமல் வேறுவேறு நிலைக்கு வேலை கொடுக்க எனக்குக் கிடைத்த நல்ல வழி இது. ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகளுக்குப் போடும்போது மட்டும் ஆள் பிரித்துக் கொடுக்க முடியாது.

மதிப்பெண் இடத்தில் 100 என்று தானாக இருக்கும். பத்து மதிப்பெண் ஒர்க்‌ஷீட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். "9/100" என்று பார்த்துவிட்டு ஒரு பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டது.

கெடு நாள் கொடுக்கும்போது நேரத்தையும் கொடுங்கள். நேரம் போடாவிட்டால் அந்த நாளின் ராத்திரி 11:59 என்று எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் பாதி ராத்திரி வரை போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் எப்போதும் இரண்டு மாலைகள் கிடைக்கும்படி கொடுத்து, இரவு 8:30 என்று வைக்கிறேன். பல வீடுகளில் அப்பா வேலையிலிருந்து வந்தபின்தான் போன் பிள்ளையின் கைக்கு வரும். மாலை ஆறு மணிக் கெடு அந்தப் பிள்ளைக்குக் கெடுவே இல்லை.

"குளோஸ் சப்மிஷன்ஸ் ஆஃப்டர் டியூ டேட்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் கெடு முடிந்ததும் வாங்குவதை நிறுத்திவிடும். வீட்டுப்பாடத்துக்கு அது வேண்டாம். தாமதமாக வந்தால் தாமதம் என்று அதுவே குறித்துக்காட்டும், அது போதும்.

ராத்திரி தயார்செய்தால் உடனே வெளியிடாதீர்கள். "அசைன்" பட்டனின் பக்கத்து அம்புக்குறியில் "ஷெட்யூல்" இருக்கிறது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு என்று வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் தெளிவான கண்ணோடு அந்த மெனுவை இன்னொரு தடவை பார்க்க அவகாசமும் கிடைக்கும்.

7. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அசைன்மென்ட்டைப் போட்டுவிட்டு இருந்துவிட்டால் பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். முதல் முறை வகுப்பிலேயே, என் போனில் சோதனைக் கணக்கைத் திறந்து, நான்கு நான்கு பேராக அழைத்துக் காட்டினேன். ஒரு பீரியட் போனது. அந்த ஒரு பீரியட் வருடம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிய செய்தி இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"அன்பான பெற்றோருக்கு, கிளாஸ்ரூம் ஆப்போடு கூகுள் டாக்ஸ் ஆப்பும் போனில் இருக்க வேண்டும். இரண்டும் இலவசம். ஆப்பின் மேல்மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, பிள்ளையின் கணக்கு திறந்திருக்கிறதா என்று பார்க்கவும். அசைன்மென்ட்டைத் திறந்து, கீழே 'யுவர் ஒர்க்' என்ற பட்டையை மேலே இழுத்தால் பிள்ளையின் பெயரோடு ஒரு ஃபைல் இருக்கும். அதில்தான் எழுத வேண்டும். எழுதியது தானாகவே சேமிக்கப்படும். முடித்தபின் 'டர்ன் இன்' அழுத்த வேண்டும்."

இதில் முக்கியமானது கணக்கு வட்டம். "ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை என்று வருகிறது" என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை, கிளாஸ்ரூம் பிள்ளையின் கணக்கிலும் டாக்ஸ் அப்பாவின் கணக்கிலும் திறந்ததால் வந்தவை. இரண்டு ஆப்பிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும்.

தமிழில் டைப் செய்யத் தெரியாத பிள்ளைகளுக்கு கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கக் கற்றுக்கொடுங்கள். விரலால் எழுதினால் எழுத்தாக மாறும் முறையும், பேசினால் டைப் ஆகும் முறையும் அதிலேயே உண்டு. பேசி எழுதிய விடையைத் திரும்பப் படித்துத் திருத்தச் சொல்லுங்கள். "ஒளி" என்று சொன்னால் "ஒலி" என்று விழும்.

டேட்டா குறைவாக இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு வழி. டாக்ஸ் ஆப்பில் ஃபைலின் மூன்று புள்ளி மெனுவில் "மேக் அவைலபிள் ஆஃப்லைன்" கொடுத்துவிட்டால் இணையம் இல்லாமலும் எழுதலாம். சமர்ப்பிக்கும் முன் ஒரு தடவை டேட்டாவைப் போட்டு, எழுதியது மேலே ஏறிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும்.

8. எழுதும்போதே பார்ப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

தனிக் காப்பி முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிள்ளை சமர்ப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அசைன்மென்ட்டைத் திறந்து "ஸ்டூடன்ட் ஒர்க்" பக்கத்துக்குப் போனால் ஒவ்வொருவரின் காப்பியும் சின்னச் சின்னப் படமாகத் தெரியும். யார் ஒரு கேள்வியோடு நிற்கிறார், யார் இன்னும் திறக்கவே இல்லை என்பதைக் கெடுவுக்கு முந்தின நாளே பார்த்துவிடலாம். காப்பியைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து கமென்ட் போடலாம், பிள்ளைக்கு உடனே போய்விடும். ஒரு தடவை, ஒரு பையன் ஒளிச்சேர்க்கைக்கு ஆக்சிஜன் தேவை என்று எழுதிக்கொண்டிருந்தான். "உள்ளே போவது எது, வெளியே வருவது எது?" என்று ஓரத்தில் எழுதினேன். இரண்டு நிமிடத்தில் அவனே அழித்துவிட்டுத் திருத்தினான். விடையை நீங்களே மாற்றிவிடாதீர்கள். உங்களுக்கு அந்த வசதி உண்டு, ஆனால் பிள்ளைக்குத் தான் எழுதியது எது என்பதே மறந்துவிடும்.

"டர்ன் இன்" அழுத்திய பிறகு பிள்ளையால் எழுத முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். அவசரத்தில் அழுத்திவிட்டால் "அன்சப்மிட்" கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கெடு முடிந்தபின் எடுத்தால், மறுபடி கொடுக்கும்போது தாமதம் என்று விழும். அந்தக் குறிக்காக மதிப்பெண் குறைப்பீர்களா மாட்டீர்களா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திருத்தி மதிப்பெண் போட்டதும் வேலை முடியவில்லை. "ரிட்டர்ன்" பட்டனை அழுத்தினால்தான் மதிப்பெண் பிள்ளைக்குத் தெரியும், ஃபைலும் திரும்ப அவர் கைக்குப் போகும். மூன்று நாளாகத் திருத்திவைத்துவிட்டு "ஏன் யாரும் பார்க்கவில்லை" என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ரிட்டர்ன் கொடுக்காததுதான் காரணம். பெயர்களின் இடப்பக்கக் கட்டங்களில் டிக் போட்டு எல்லாருக்கும் ஒரே தடவையில் கொடுக்கலாம்.

டிரைவில் "கிளாஸ்ரூம்" என்று ஒரு ஃபோல்டர் தானாக உருவாகியிருக்கும். இடம் காலியாக வேண்டும் என்று நடு வருடத்தில் அதற்குள் போய் எதையும் அழிக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். பிள்ளைகளின் காப்பிகள் அங்கேதான் இருக்கின்றன.

9. தவறான வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டால்

பதற்றத்தில் அசைன்மென்ட்டை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அதில் போட்ட மதிப்பெண்ணும் கமென்ட்டும் சேர்ந்து போய்விடும். இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், பொது ஃபைலைத் திறந்து, ஷேர் பெட்டியில் மாணவர்களின் உரிமையை "எடிட்டர்" என்பதிலிருந்து "வியூவர்" என்று மாற்றுங்கள். மேற்கொண்டு எதுவும் அழியாது. உடனே வாட்ஸ்அப் குழுவில், "ஒர்க்‌ஷீட்டில் யாரும் இப்போது எழுத வேண்டாம். எழுதியது எதுவும் போகவில்லை, நான் எடுத்துத் தருகிறேன்" என்று போடுங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டரில் ஃபைல் மெனுவில் "வெர்ஷன் ஹிஸ்டரி", அதற்குள் "சீ வெர்ஷன் ஹிஸ்டரி" திறங்கள். வலப்பக்கம் நேரவாரியாகப் பழைய நிலைகள் வரிசையாக வரும். ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில், பெயரோடு தெரியும். அந்த மாணவி எழுதியது மாலை 6:40 நிலையில் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது. அதைக் காப்பி செய்து ஒரு புது டாக்ஸில் ஒட்டி அவளுக்கு அனுப்பினேன். "ரிஸ்டோர்" பட்டனை அழுத்த வேண்டாம். ஒருவருடைய விடை திரும்ப வரும், அதற்குப்பின் மற்றவர்கள் எழுதியது திரையிலிருந்து போய்விடும். ஒவ்வொருவருடையதாகக் காப்பி செய்து எடுப்பதுதான் சரி, மெதுவாக இருந்தாலும்.

எடுத்து முடித்தபின், புதிய அசைன்மென்ட்டை மூன்றாவது வரியோடு போடுங்கள். மூல ஃபைலாக, யாரும் எழுதாத வெறும் ஒர்க்‌ஷீட்டை இணையுங்கள். பழைய அசைன்மென்ட்டின் தலைப்பில் "இது வேண்டாம்" என்று சேர்த்துவிடுங்கள். எல்லாரும் புதியதற்கு மாறிய பிறகு அழித்துக்கொள்ளலாம்.

போன வருடத்து அசைன்மென்ட்டை "ரீயூஸ் போஸ்ட்" வழியாகத் திரும்பப் போடுபவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. "கிரியேட் நியூ காப்பீஸ் ஆஃப் ஆல் அட்டாச்மென்ட்ஸ்" என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். அப்படிச் செய்தபின்னும் மூன்று வரி மெனு எதில் நிற்கிறது என்று பாருங்கள்.

10. கிளாஸ்ரூம் இல்லாமல் தனிக் காப்பி

டியூஷனில் வகுப்பே தொடங்கவில்லை, வாட்ஸ்அப் குழு மட்டும்தான் என்றாலும் வழி இருக்கிறது. டாக்ஸ் ஃபைலை, இணைப்பு (லிங்க்) உள்ளவர்கள் பார்க்கலாம் என்று பகிருங்கள். அந்த இணைப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் "எடிட்" என்று தொடங்கும் பகுதியை முழுக்க அழித்துவிட்டு, சி, ஓ, பி, ஒய் என்ற நான்கு எழுத்துகளைப் போட்டு அனுப்புங்கள். திறந்ததும் காப்பி எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும், அவரவர் டிரைவில் ஒரு காப்பி உருவாகும். ஆனால் அந்தக் காப்பியை உங்களோடு பகிர வேண்டியது மாணவரின் வேலை. பெயரும் தானாகச் சேராது. பத்துப் பேருக்கு மேல் என்றால் இந்த வழியில் போகாதீர்கள்.

11. அன்றைக்குப் போன் கிடைக்காத பிள்ளைக்கு

ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ரீசார்ஜ் முடிந்திருக்கும், போன் உடைந்திருக்கும், அப்பா வெளியூரில் இருப்பார். ஒர்க்‌ஷீட் போடும் அன்றே ஐந்து பிரதி அச்செடுத்து மேசை டிராயரில் வைத்துவிடுகிறேன். காரணம் எதுவும் கேட்காமல், வகுப்பு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் பேனாவால் எழுதிக் கொடுத்ததைத் திருத்திவிட்டு, கிளாஸ்ரூமில் அவர்கள் பெயருக்கு நேரே மதிப்பெண்ணைப் போட்டு ரிட்டர்ன் கொடுத்துவிடலாம். அங்கே அவர்கள் எதையும் சமர்ப்பித்திருக்க வேண்டிய அவசியமில்லை.